தஹான் மலைக்குப் போன வருடம்

மார்ச் 9, 2025, ஞாயிறு

காலையில் மாடிப்படிப் பயிற்சி. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் இரண்டு முனைகளிலும் படிக்கட்டு உண்டு. சரத் லிஃப்ட் பக்கத்துப் படியில் ஏறினான், நான் மறுமுனைப் படியில் ஏறினேன். பேசி முடிவு செய்யவில்லை. கதவைப் பூட்டியதும் அவன் இடது பக்கம் திரும்பினான், நான் வலது பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். முதுகுப் பையில் சுமைக்காக அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல்கள், எனக்கு அரிசிப் பொட்டலங்கள்.

பாதி ஏறியிருப்பேன். அந்த மாடியில் குடியிருக்கும் சம்சுன்னிசா தன் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். லிஃப்ட் கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இல்லை, ஜூனில் மலேசியாவுக்குப் போய்ப் பகாங்கில் தஹான் மலை ஏறப் போகிறோம், அதற்குப் பயிற்சி என்றேன். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போவது நல்லது என்றார். ஆமாம் என்றேன்.

பிரிந்துவிடுவது என்று ஜனவரியில் முடிவு செய்தோம். யாரிடமும் இன்னும் சொல்லவில்லை. மலைப் பயணத்துக்குப் போன அக்டோபரிலேயே பெயர் கொடுத்தாகிவிட்டது. ஒருவர் விலகுவதுதான் சரி. சரத்துக்கு அந்த மலைமேல் பல வருட ஆசை, அவன் விலகமாட்டான். எனக்கு அப்படி ஓர் ஆசை இருந்ததே இல்லை. ஆனாலும் நான் விலகவில்லை. ஏன்? தெரியவில்லை. பிடிவாதமாக இருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

புக்கிட் தீமா குன்று. பயணத்துக்கு வருகிற நான்கு பேரும் இன்றுதான் முதல்முறை ஒன்றாக நடந்தோம். மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

ஜரீனா அக்கா எங்கள் தலைவி. உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மலேசிய மலைகளுக்கு ஆட்களை அழைத்துப் போவதுதான் இப்போது அவருக்கு வாழ்க்கை. டெஸ்மண்ட் அங்கிள் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். ஆள் பெரிய உருவம், மெதுவாகத்தான் நடப்பார், ஆனால் நிற்கவே மாட்டார். அவருடைய மனைவி ஜெனிவீவ் மலைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். கேக் மட்டும் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நாய்கள், தள்ளுவண்டிகள், சாலையோரக் கம்பியில் வரிசையாகக் குரங்குகள். உச்சிக்குப் போனதும் எல்லாரும் அந்தப் பாறைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். "இதெல்லாம் மலைக்கு வாசப்படி" என்றார் அக்கா.

இறங்கும்போது அங்கிளின் தண்ணீரை வாங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். சரத்தின் காலணிக் கயிறு அவிழ்ந்திருப்பதைச் சொன்னேன். அக்காவுக்கே எந்தப் பாதை காய்ந்திருக்கும் என்று சொல்லப் போனேன். அவர் சிரித்துக்கொண்டே, "ரோஷினி, நீ பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கள கூட்டிட்டு வரலம்மா" என்றார். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள் நான். பழக்கம்.

மார்ச் 20, வியாழன்

அவன் சமையலறைக்கு வந்தால் நான் குளிக்கப் போகிறேன். நான் சமையலறைக்குப் போனால் அவன் துணி காயப்போடப் போகிறான். சண்டை இல்லை. சண்டை என்று ஒன்று இருந்திருந்தால் தேவலையோ?

ஏப்ரல் 5, சனி

லிட்டில் இந்தியா. இரண்டு வேலை.

முதல் வேலை வழக்கறிஞர் கோவிந்தராசு. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு கடைவீட்டின் மாடியில் அலுவலகம். கீழே பூக்கடை, மல்லிகை வாசனை மேலே வரை வருகிறது. இருவரும் சம்மதித்துப் பிரிவதென்றால் யார்மேலும் குற்றம் சொல்லவேண்டியதில்லை, ஆனால் காரணம் சொல்லவேண்டும், சேர்ந்து வாழ என்ன முயற்சி செய்தீர்கள் என்றும் சொல்லவேண்டும் என்றார். அவர் சரத்தைப் பார்த்தார், சரத் என்னைப் பார்த்தான், நான் மேசையிலிருந்த நாட்காட்டியைப் பார்த்தேன்.

வேறு யாராவது இருக்கிறார்களா? இல்லை. குடியா? இல்லை. குடும்பத்தில் தலையீடு? இல்லை. பிள்ளை இல்லாததால்? அதுவும் இல்லை, அதை இருவரும் சேர்ந்தே தீர்மானித்தோம். கொஞ்சம் யோசித்துவிட்டு வாருங்கள் என்று பொறுமையாகச் சொன்னார்.

இரண்டாவது வேலை காலணி. பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கடையில் கறுப்பு ரப்பர்க் காலணி கிடைக்கிறது, ரப்பர் மரம் சீவுகிறவர்கள் போடுவார்களே, அது. காட்டுச் சேற்றுக்கு அதைவிட நல்லது இல்லை என்று அக்கா சொல்லியிருந்தார். மலிவு. ஆளுக்கு ஒரு ஜோடி வாங்கினோம். கடைக்காரர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கொடுத்தார்.

மே 11, ஞாயிறு

ஜரீனா அக்கா தொலைபேசியில் பேசினார். சுமை குறைக்கவேண்டும், அதனால் கூடாரங்களைப் பிரித்துவிட்டாராம். அங்கிளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, எனக்கும் சரத்துக்கும் சேர்த்து ஒன்று. சரி என்றேன். சரத்திடம் சொன்னபோது அவனும் சரி என்றான்.

வீட்டில் தனித்தனி அறையில் தூங்கத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று மாலை வேன். பள்ளி விடுமுறை, எல்லைப் பாலத்தில் நெரிசல் இருக்கும். மழை இருக்காது என்று அக்கா சொல்கிறார். மலைக்கு அது தெரியுமா என்பது வேறு விஷயம்.

ஜூன் 11, புதன். முதல் முகாம்

பென்சிலில் எழுதுகிறேன். காகிதம் ஏற்கனவே ஈரம்.

விடிகாலையில் மெராப்போ வந்து சேர்ந்தோம். வனக் காவல் அலுவலகத்தில் எங்கள் பைகளை முழுக்கக் கொட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு மிட்டாய்த் தாளையும் எழுதிக்கொண்டார்கள், திரும்பும்போது அத்தனையும் இருக்கவேண்டும். எங்கள் வழிகாட்டி முகம்மது யூசுப் அந்த ஊர்க்காரர், மலாய்க்காரர். சிகரெட்டும் சிரிப்புமாக இருக்கிறார், தமிழில் 'வாங்க', 'சாப்பாடு' இரண்டும் தெரியும். ஜீப்பில் ஏற்றிக் காட்டுக்குள்ளே கொண்டுபோய் விட்டார்கள். வழியில் மண்பாதை நடுவே யானைச் சாணம், இன்னும் ஆவி பறந்தது.

ஒரு தொங்குபாலம் கடந்தால் காடு மூடிக்கொள்கிறது. சிங்கப்பூரில் நான் காடு என்று நினைத்திருந்ததில் எங்கே நின்றாலும் ஒரு காரின் சத்தமாவது கேட்கும். இங்கே சிள்வண்டு, தண்ணீர், என் மூச்சு. ஓர் இடத்தில் தலைக்குமேலே பழைய பேருந்து மூச்சுவிடுகிற மாதிரி ஒரு சத்தம், நிமிர்ந்து பார்த்தால் இரண்டு இருவாச்சிகள். சிறகடிக்கும் சத்தம்தான் அது.

ஆற்றை ஓரிடத்தில் கடக்கவேண்டும். முழங்காலளவுதான், கண்ணாடிபோலத் தெளிவு. அங்கிள் நடு ஆற்றில் உட்கார்ந்து முகம் கழுவினார்.

அட்டைகள் கணக்கில்லை. சரத்தின் கழுத்தில் ஒன்று இருந்ததைப் பார்த்தேன். கை நீண்டது. பிறகு வாயால் சொன்னேன். அவனே எடுத்துப் போட்டான்.

கூடாரம் போடும்போது ஒரு வார்த்தை பேசத் தேவையிருக்கவில்லை. அவன் கம்பியைக் கோத்தான், நான் முளை அடித்தேன், அவன் இழுத்த பக்கம் நான் தளர்த்தினேன். எங்களுடையதுதான் முதலில் நின்றது. நல்ல ஜோடி லா என்று அங்கிள் சொன்னார்.

உள்ளே இரண்டு பேர் படுத்தால் ஒருவர் புரண்டால் மற்றவர்மேல் படும். குளிருகிறதா என்று கேட்டான். இல்லை என்றேன். குளிர்கிறது.

ஜூன் 12, வியாழன். கூபாங் முகாம்

ஏற்றம், ஏற்றம், ஏற்றம். முகட்டில் தண்ணீர் கிடையாது என்பதால் கீழேயிருந்தே சுமந்து வந்தோம். வேர்களைப் பிடித்து ஏறவேண்டிய இடங்கள், கயிறு கட்டிய இடங்கள். மேலே போகப்போக மரங்கள் மெலிகின்றன, பாசி தடிக்கிறது. தண்டு, கிளை, கல் எல்லாவற்றின்மேலும் பச்சைக் கம்பளி போர்த்திய மாதிரி.

முகாமை நெருங்கும் நேரத்தில் அங்கிள் ஈர வேரில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை என்றார் யூசுப், விரல்களை அசைக்கச் சொல்லிப் பார்த்தார். கணுக்கால் வீங்கிவிட்டது. கயிற்றில் இனி ஏறமுடியாது. அவர் நாளை முழுக்கக் கூபாங்கில் காலை நீட்டி இருப்பது, மறுநாள் எல்லாரும் சேர்ந்து மெதுவாக இறங்குவது என்று அக்கா முடிவு செய்தார். ஆனால் அவரோடு ஒருவர் இருக்கவேண்டும்.

அதற்குள் நான் கட்டுப் போட்டு, காலை உயர்த்தி வைத்து, அவர் சுமையை நான்காகப் பிரித்து முடித்திருந்தேன். நிமிராமலே சொன்னேன்: "சரத், நாளைக்கு நீ உச்சிக்குப் போ. நான் அங்கிள்கூட இருக்கேன்."

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். "நான் இருக்கேன். நீ போ."

"நீதானே இத்தனை வருஷமா ஆசைப்பட்ட?"

"எனக்கு என்ன வேணும்னு நான் சொல்றேன், ரோஷினி."

குரலை உயர்த்தவில்லை. அடுப்பிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. நான் கையில் கட்டுத்துணியோடு உட்கார்ந்திருந்தேன். "என்னை வெச்சு ஏலம் போடாதீங்க லா" என்றார் அங்கிள். அக்கா கஞ்சியைக் கிண்டினார்.

கூடாரத்தில் படுத்தோம். அவன் சீக்கிரம் தூங்கிவிட்டான். அல்லது தூங்குகிற மாதிரி இருந்தான்.

ஜூன் 13, வெள்ளி. கூபாங்

உச்சிக்குப் போய்வந்தேன்.

வெளிச்சம் வருமுன் அக்கா, யூசுப், நான் மூவரும் கிளம்பினோம். பை கனமில்லை. போன்சாய் என்று ஓர் இடம், அங்கே மரங்கள் எல்லாம் என் இடுப்பளவு. வயதான மரங்கள்தானாம், காற்றும் மண்ணும் வளரவிடவில்லை. அவற்றின் நடுவே கெண்டிச் செடிகள், சிவப்பும் பச்சையுமாய்ச் சின்னச் சின்னக் குடங்கள், உள்ளே தண்ணீரும் செத்த பூச்சியும். அதற்கு மேலே மரமே இல்லை. வெறும் கல், புல், காற்று.

உச்சியில் மேகம் இல்லை. அது அபூர்வம் என்றார் யூசுப். எந்தப் பக்கம் திரும்பினாலும் காடு. முகட்டுக்குப் பின்னால் முகடு, கடைசியில் நீலம், அதற்கப்புறம் வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. ஒரு கட்டடம் இல்லை, ஒரு சாலை இல்லை. இதை எழுதும்போது பெரிதாக ஏதோ உணர்ந்ததாக எழுதத் தோன்றுகிறது. உண்மை அதுவல்ல. நான் பார்த்துக்கொள்ளவேண்டியது அங்கே எதுவும் இல்லை. அதைக் கவனித்த உடனே தூக்கம் வந்தது. ஒரு கல்லின் மறைவில் படுத்தேன், தூங்கியே விட்டேன். மலை உச்சிக்குப் போய்த் தூங்கியவள் நானாகத்தான் இருப்பேன்.

எழுந்தபோது அக்கா பக்கத்தில் உட்கார்ந்து சார்டின் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்மேல் அவருடைய மழைச்சட்டை.

"நீங்க ரெண்டு பேரும் பிரியப் போறீங்களா?" என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்றேன்.

"ரொம்ப மரியாதையா இருக்கீங்க."

ரொட்டியைப் பிய்த்து என்னிடம் கொடுத்தார்.

திரும்பி வந்தபோது கூபாங்கில் சிரிப்புச் சத்தம். சரத் சோற்றைத் தீய்த்திருந்தான், அங்கிள் அதைத் துறைமுகத்துச் சோறு என்று சொல்லிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உச்சி எப்படி என்று சரத் கேட்டான். சொல்லத் தொடங்கினேன். குட்டை மரங்கள், கெண்டிச் செடி, நீலம், தூங்கியது. அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டான், நடுவில் கேள்வியும் கேட்டான். பொறாமையா, வருத்தமா என்று முகத்தில் தேடினேன், இரண்டும் இல்லை. சொல்லி முடித்தபோதுதான் தோன்றியது. இவனிடம் இவ்வளவு நேரம் பேசி எத்தனை காலமாயிற்று?

ஜூன் 14, சனி. ஆற்றங்கரை

இது முகாமே இல்லை. ஆறு விடவில்லை.

அங்கிள் இரண்டு கம்புகளை ஊன்றி உட்கார்ந்தும் நகர்ந்தும் இறங்கினார், வாய் மட்டும் நிற்கவில்லை. மதியத்துக்குமேல் மழை பிடித்தது. புதன்கிழமை முகம் கழுவிய ஆற்றுக்கு வந்து சேர்ந்தால் ஆற்றையே அடையாளம் தெரியவில்லை. பழுப்பு நிறம், ஒரு முழு மரம் வேரோடு மிதந்து போனது. யூசுப் ஒரு கல்லின்மேல் நின்று பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். வடிகிறவரை இங்கேதான்.

மரங்களுக்கு நடுவே தார்ப்பாய் கட்டினோம். அங்கிள் படுத்துவிட்டார். அக்காவும் யூசுப்பும் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கக் கரைக்குப் போனார்கள். மீதமிருப்பது ஒரு வேளைக் கஞ்சி. அதை எப்போது காய்ச்சலாம், யாருக்கு எவ்வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சரத் நடுவில் பேசினான்.

"அப்பா செத்தப்போ நீ இப்படித்தான் இருந்த."

என் மாமனாரைச் சொல்கிறான். இராமசாமி மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. மருத்துவமனை, சான்றிதழ், சவப்பெட்டி, ஐயர், மண்டாய் தகனக்கூடத்தில் நேரம், வந்தவர்களுக்குச் சாப்பாடு, எல்லாம் நான்தான். அத்தை இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமைப்படுவார்.

"யாராவது செய்யணும்ல" என்றேன்.

"செய்யணும். நான் செஞ்சிருப்பேன். மெதுவா, தப்புத் தப்பா. ஆனா செஞ்சிருப்பேன். எனக்கு அழற வேலை மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. எல்லாம் ஒழுங்கா நடந்துட்டிருக்கறப்போ அழுகையும் வரல."

மழை தார்ப்பாயில் தேங்கித் தொங்கியது. எழுந்து அதைத் தட்டிவிடப் பார்த்தேன், உட்கார்ந்துகொண்டேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"நீ நல்லதுதானே பண்ணிட்டிருந்த. அதுக்கு எப்படிக் கோவப்படறது?"

பிறகு சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை, வாயில் வந்தது. "நான் களைச்சுப் போயிட்டேன், சரத். அப்பவே களைச்சுப் போயிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் பேசாம இருந்தியா?"

காலணியைக் கழற்றி உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினான். பிறகு, "ஆமா" என்றான்.

அவ்வளவுதான். இருவரும் அழவில்லை. தார்ப்பாய்த் தண்ணீரை அவன் எழுந்து தட்டிவிட்டான், பாதி அங்கிள் காலில் ஊற்றியது, அங்கிள் விழித்துத் திட்டினார். கஞ்சியை அவன் காய்ச்சினான். உப்பு அதிகம். நான் சொல்லவில்லை.

கூடாரம் போட இடமில்லை. ஐந்து பேரும் தார்ப்பாயின் கீழே வரிசையாகப் படுக்கப்போகிறோம்.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் ஆறு இறங்கியிருந்தது. முழங்காலளவு இல்லை, இடுப்பளவு. யூசுப் கயிறு கட்டினார். எங்கே போனாலும் நான்தான் கடைசி ஆள், எல்லாரும் கடந்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வருவேன். இன்று சரத் "நீ முதல்ல போ" என்றான். போனேன். தண்ணீர் காலை இழுத்தது. அக்கரை மண்ணைத் தொடும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. எவ்வளவு கஷ்டம் அது என்று எழுதினால் யாருக்கும் புரியாது. ஆற்றைச் சொல்லவில்லை.

அவனும் யூசுப்பும் அங்கிளை நடுவில் வைத்துக் கூட்டிவந்தார்கள்.

அலுவலகத்தில் குப்பையை எண்ணினார்கள். எல்லாத் தாளும் இருந்தது.

ஜூன் 16, திங்கள்

புக்கிட் பாஞ்சாங். வீடு சின்னதாகிவிட்ட மாதிரி இருக்கிறது. வேனில் சரத் ஜன்னலில் சாய்ந்து தூங்கினான், என் தோளில் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். வருத்தம் என்று சொல்லமுடியாது. என்ன எதிர்பார்த்தேன்? ஆற்றங்கரையில் நான்கு வாக்கியம் பேசினால் எல்லாம் சரியாகிவிடும் என்றா?

கூடாரம் போடுவதில், அடிபட்டவரை இறக்குவதில், விருந்துக்கு ஏற்பாடு செய்வதில் நாங்கள் நல்ல ஜோடி. ஒன்பது வருடமாக அதைத்தான் கல்யாணம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வேலை தீர்ந்ததும் ஆளுக்கொரு அறை.

ஜூன் 19, வியாழன்

இரவுச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று நான்தான் கேட்டேன். அவன் எழுந்தான். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"நீ கேட்டது சந்தோஷமா இருக்கு. ஆனா நான் தனியா இருந்து பாக்கணும், ரோஷினி. இந்த வீட்டுல இருந்தா நான் திரும்பவும் பேசாமத்தான் இருப்பேன்."

வலித்தது. ஆனால் அவன் எனக்கு விருப்பமில்லாத ஒன்றை இந்த வீட்டில் வைத்து என் முகத்துக்கு நேராகச் சொன்னது இதுதான் முதல் தடவை. இதையும் எழுதி வைக்கிறேன்.

ஜூன் 28, சனி

மறுபடியும் கோவிந்தராசு அலுவலகம். இந்த முறை காரணத்தை இருவரும் சொன்னோம். ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் தொடர்ந்தோம். அவர் பேனாவை வைத்துவிட்டு, இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்கள் எதற்காகப் பிரிகிறீர்கள் என்று கேட்டார். பேசக் கற்றுக்கொண்டதே போன வாரம்தான் என்றான் சரத்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெம்பனிஸில் அம்மா வீடு. சொன்னோம். அம்மா அழுதார், அப்பா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். யார்மேல் தப்பு என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். தப்பு என்று ஒன்றைக் காட்ட முடிந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அத்தையிடம் சரத் தனியாகப் போய்ச் சொன்னான். நானும் வருகிறேன் என்று வாய்வரை வந்தது.

ஆகஸ்ட் 16, சனி

தோ பாயோவில் அத்தை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஓர் அறை எடுத்துவிட்டான். இன்று போனான். லாரியைத் தவறான புளோக்குக்கு வரச் சொல்லிவிட்டு அரைமணி நேரம் கீழே நின்றான். ஜன்னலில் இருந்து பார்த்தேன். இறங்கிப் போகவில்லை.

வீடு இப்போதைக்கு என்னிடம். ஒரே சத்தம் குளிர்சாதனப் பெட்டியுடையது.

செப்டம்பர் 4, வியாழன்

பள்ளியிலிருந்து வந்து சோபாவில் உட்கார்ந்தபடியே அழுதேன். என்ன ஆச்சு எனக்கு? ஒண்ணுமே ஆகல. அழுது முடிச்சுட்டு மீ கோரிங் நூடுல்ஸ் வாங்கப் போனேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

அத்தை முறுக்கு கொடுத்தனுப்பினார், சரத் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே வந்து தண்ணீர் குடித்தான். அறையில் மின்விசிறி மாட்டிய கதையைச் சொன்னான், தலைகீழாக மாட்டிவிட்டானாம். இத்தனைக்கும் பொறியாளர். சிரித்தோம்.

டிசம்பர் 23, செவ்வாய்

விவாகரத்துக்கு இறுதித் தீர்ப்பு வந்துவிட்டது. மாலை நடக்கப் போனேன்.

ஜனவரி 25, 2026, ஞாயிறு

ஜரீனா அக்காவின் குழு மறுபடி கூடியிருக்கிறது. நானும் வாரம் தவறாமல் போகிறேன். சரத்தும் வருகிறான், எல்லா வாரமும் இல்லை. டெஸ்மண்ட் அங்கிளின் கால் சரியாகிவிட்டது. இந்த முறை மலைக்கு ஜெனிவீவ் ஆன்ட்டியும் வருவதாகப் பேச்சு, அங்கிளை நம்பி அனுப்பமாட்டாராம்.

இன்று புதிதாக அஃப்ரீன் என்று ஒரு பெண் வந்திருந்தாள். பல்மருத்துவமனையில் வேலை, நன்றாகப் பேசுகிறாள். புக்கிட் தீமா இறக்கத்தில் நானும் சரத்தும் ஏதோ பேசிக்கொண்டு வந்தோம், அவனுடைய புதிய கட்டுமானத் திட்டத்தில் நிலத்துக்கடியில் ஊற்று வந்துவிட்ட கதை. அஃப்ரீன் பின்னாலேயே வந்தாள். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சியா? இல்ல ஃப்ரெண்ட்ஸா?" என்றாள்.

நான் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். வாயைத் திறப்பதற்குள் சரத் சொன்னான், "இல்ல, நாங்க கல்யாணம் ஆகி இருந்தோம்."

அந்தப் பெண்ணுக்கு முகம் சுருங்கிவிட்டது. சாரி, சாரி என்றாள்.

"சாரிலாம் வேண்டாம்" என்றான். "நல்லாத்தான் இருந்துச்சு."

ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு வார்த்தையை அவன் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. அஃப்ரீன் வேறு பேச்சுக்குத் தாவினாள், எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அப்போதுதான் மழை பிடித்தது. வழியில் இருந்த ஓய்வுக் குடிலுக்குள் எல்லாரும் நெருக்கி நின்றோம். ஒரு பக்கம் அங்கிள், ஒரு பக்கம் யாரோ ஒருவரின் நனைந்த நாய். சரத் மறுகோடியில் நின்று தலைமுடியைப் பிழிந்துகொண்டிருந்தான். பார்த்தான். நானும் பார்த்தேன். மழை விட வெகுநேரம் ஆயிற்று, யாரும் அவசரப்படவில்லை.